பழுதென்று எழுதி வைத்த டேப்

கல்பாக்கத்தில் கணினிப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு, 2000இல் ஓய்வு பெற்றுக் கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்தார் பார்த்தசாரதி. வேலை விட்டதே தவிர, அதன் பழக்கம் விடவில்லை. வீட்டில் இரண்டே கம்ப்யூட்டர்கள். ஒன்று அவருடையது, மற்றது மனைவி ராஜத்துடையது. இரண்டையும் கேபிளால் இணைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் தினமும் டேப்பில் நகலெடுப்பார். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கொரு டேப். வெள்ளிக்கு மட்டும் நான்கு, வாரத்துக்கு ஒன்றாக. சுற்று முடிந்ததும் பழையதன் மேலேயே புதியது பதியும். வெள்ளிக்கிழமை டேப் செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விடும். வீடே எரிந்தாலும் ஒன்று மிஞ்சுமே!

ராஜம் காது கேளாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பேச்சுப் பயிற்சி தருபவர். மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் குரலையும் பதிந்து வைப்பார். 2003 கோடையில் கம்ப்யூட்டரில் இடம் போதாமல், பழைய பதிவுகளை அழித்தார். டேப்பில் இருக்கும் என்ற தைரியம்தான்.

தீபாவளி கழிந்த வாரம், கடப்பாக்கத்திலிருந்து மகளை அழைத்து வரும் பூங்கொடி கேட்டாள்: "டீச்சர், சுஷ்மிதா மொதமொதல்ல 'ம்மா'ன்னு சொன்னா இல்ல? அத்த ஒருவாட்டி போடறீங்களா? அவ நைனா கேட்டதேயில்ல."

பார்த்தசாரதி செங்கல்பட்டில் இருந்ததையும் வரவழைத்து, எட்டு டேப்பையும் ஓட்டிப் பார்த்தார். கோடையில் அழித்த பதிவு எதிலும் இல்லை.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எதுவும் போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ராஜம்.

பார்த்தசாரதி தீ வந்தாலும் திருடன் வந்தாலும் நகல் மிஞ்ச வழி செய்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் அழித்த எதையும் அந்தச் சுற்று நான்கு வாரத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்காது என்பதை மட்டும் மனைவியிடம் சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் அலமாரியின் அடித்தட்டில், போன வருடம் பிழை காட்டியதால் ஒதுக்கிய டேப் ஒன்று கிடைத்தது. மேலே அவர் கையெழுத்திலேயே 'பழுது' என்றிருந்தது. டேப் ஓட்டும் டிரைவைத் துடைத்து, அதைப் போட்டார். சிக்கியது, எடுத்து மறுபடி போட்டார். ஐந்தாம் முயற்சியில் பதினொரு குழந்தைகளில் நான்கு பேரின் குரல் மீண்டது. சுஷ்மிதா அதில் இல்லை.

"நான் பூங்கொடிகிட்ட சொல்லிக்கிறேங்க."

"வேண்டாம், நானே சொல்றேன்."

சனிக்கிழமை பூங்கொடியிடம் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப இல்லவே இல்லியா சார்?"

"இல்லம்மா. தப்பு என்னோடது."

"அவராண்ட வேற கேக்கலாம்னு சொல்ட்டேன்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேறெதுவும் சொல்லாமல் மகளை உள்ளே பயிற்சிக்கு அனுப்பினாள்.

அந்த டிசம்பரில் அவர் புது டேப் ஒன்று வாங்கினார். எல்லாக் குரலையும் அதில் பதிந்து, சுற்றில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்தார். குழந்தைகளின் பெயர்களை ராஜம் அதன் உறையில் எழுதினார். ஒவ்வொரு வருடமும் அப்படி ஒன்று சேர்ந்தது.