இறங்காத இரண்டாம் வெட்டு

மதிப்பிற்குரிய ஆவணக் காப்பகத்து ஐயா, அம்மையீர்,

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சிதம்பரத்தில் நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பிழைத்து, எஞ்சிய நேரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து எழுதப் பழகிக்கொண்டேன். நடையில் பிழை இருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் பிழை இராது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணாகிராமத்துக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரித் தோப்பும் அதன் ஓரமாகச் சில பலா மரங்களும் இருந்தன. தோப்பைக் காத்து வந்தவர் என் அத்தை, அப்பாவின் அக்காள். இளமையிலேயே கணவரை இழந்தவர். பிள்ளை இல்லை. அந்தக் குறையைப் பிறர் பேசினால், "அதான் உன் பொண்ணு என் முந்தானையிலயே தொங்குதே, இன்னாத்துக்கு இன்னொன்னு?" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். கோடை விடுமுறை முழுவதும் நான் அவரோடு தோப்பில்தான் இருப்பேன்.

வைகாசி மாதத்து நண்பகல். அத்தை பலாப்பழம் அறுக்க உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பலா அறுப்பதற்கு ஒரு முறை உண்டு. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் பழத்தைத் தொடமாட்டார்கள். தொட்டால் பால் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. பழத்தை வைத்து அறுக்கத் தரையில் பதித்த கருங்கல் ஒன்று அங்கே கிடந்தது. அத்தை அதன் முன்னே எண்ணெய்க் கையோடு அமர்ந்திருந்தார். நான் எதிரே, சுளைக்காக வாயைத் திறந்துகொண்டு அமர்ந்திருந்தேன்.

வேலியைத் தாண்டி இருவர் வந்தனர். கொட்டகையில் காயவைத்திருந்த முந்திரிக்கொட்டையைத் தாங்கள் கொண்டுவந்த சாக்கில் அள்ளத் தொடங்கினர். அத்தை எழுந்து நின்று கேட்டார்.

"யாருடா அது? உங்க ஊட்டு முந்திரியா? வச்சுட்டுப் போங்கடா."

ஒருவன் சாக்கைக் கீழே விட்டான். மற்றவன், கட்டம் போட்ட சட்டை அணிந்தவன், இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை உருவினான். "வாய மூடிக்கிட்டு குந்து கெழவி" என்றான். அத்தைக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவர் உட்காரவில்லை. அவன் பாய்ந்து வந்து வீசினான். தடுக்க நீட்டிய அத்தையின் இடது முன்கை கிழிந்தது. அவன் மறுபடியும் கையை ஓங்கினான். அத்தையின் வலக்கையில் பலாக்கத்தி இருந்தது. அது அவன் தோளில் இறங்கியது.

அவன் பின்னால் சாய்ந்தான். அவன் தலை அந்தக் கருங்கல்லில் மோதிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. சூரிக்கத்தி தெறித்து எட்டப் போய் விழுந்தது. சாக்குக்காரன் வேலியை நோக்கி ஓடினான்.

அத்தை பலாக்கத்தியை இரண்டாம் முறை ஓங்கினார். தலைக்கு மேலே கத்தி நின்றது. அந்தக் கணத்தில் நடந்த ஒன்றை அதற்குரிய இடத்தில் எழுதுவேன். இப்போதைக்கு இதைச் சொல்கிறேன்: கத்தி இறங்கவில்லை. அத்தை அதைக் கீழே போட்டார். "தண்ணி கொண்டா பாப்பா, ஓடு" என்றார். நான் கலயத்தோடு திரும்பியபோது, தம் முந்தானையைக் கிழித்து அவன் தோளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து வழிந்த இரத்தத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அப்பா ஓடி வந்தார். ஆட்கள் வந்தார்கள். காயம்பட்டவனை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். இந்தக் களேபரத்தின் நடுவே என் அப்பா ஒரு காரியம் செய்தார். தரையில் கிடந்த பலாக்கத்தியை எடுத்தார். பால் காய்ந்தால் கத்தி பாழாகுமென்று வாழ்நாள் முழுதும் பழகிய கை அது. எண்ணெய்த் துணியால் அதை நன்றாகத் துடைத்துக் கொட்டகைக் கூரையில் செருகினார். வேறு எண்ணம் அவருக்கு இருந்திருக்காது, எண்ணமே இருந்திருக்காது. காவல்துறையினர் வந்து கேட்டபோது அந்தப் பளபளக்கும் கத்தியைத்தான் அவர் எடுத்துக் கொடுத்தார். தடயத்தை அழித்தார்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

கட்டம் போட்ட சட்டைக்காரன் மூன்றாம் நாள் தலைக்காயத்தால் இறந்தான். அத்தையின்மீது கொலை வழக்குப் பதிவாயிற்று. அவர் சில வாரங்கள் சிறையில் இருந்து, பின்பு ஜாமீனில் வந்தார்.

வழக்கின் முடிச்சு எளியது. அத்தை வெட்டியது ஒரு முறையா, இரு முறையா? ஓடிப்போனவன் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி, தாங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்ததாகவும், கீழே விழுந்து கிடந்தவனை அத்தை கத்தியின் பின்புறத்தால் மண்டையில் அடித்ததாகவும் கூறினான். வேலியருகே ஓடும்போது, "இன்னும் ஒன்னு போடு" என்று ஒரு பெண்குரல் கத்தியதைத் தன் காதால் கேட்டதாகவும் சொன்னான். தலைக்காயம் கல்லாலும் நேரலாம், கத்தியின் முதுகாலும் நேரலாம் என்றார் மருத்துவர். உண்மை சொல்லியிருக்கக்கூடிய கத்தியையோ அப்பா துடைத்துவிட்டார். மீதமிருந்த கண்கள் என்னுடையவை மட்டுமே.

எங்களுக்கு வக்கீல் சிதம்பரம் கீழவீதியில் இருந்தார். அப்பா என்னையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போனார். பேருந்திலேயே ஒரு கதை தயாராகிவிட்டிருந்தது.

"அக்கா அடிக்கவே இல்லீங்க ஐயா. அவனே கால் தடுக்கி கத்தி மேல வுழுந்துட்டான்னு சொல்லிடறோம்" என்றார் அப்பா.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "காயம் மேலேர்ந்து கீழ எறங்கியிருக்கு. வானத்துலேர்ந்தா வுழுந்தான்?"

அப்பா மறுபடி வாயெடுத்தார், வக்கீல் கையமர்த்தினார்.

"இங்க பாருங்க. அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாத்தான் எதுக்கு அடிச்சேன்னு சொல்ல முடியும். உசுருக்கு ஆபத்து வந்தா திருப்பி அடிக்க சட்டமே உரிமை குடுத்திருக்கு. பயந்தவன் அளந்து பாத்து அடிக்க முடியாதுன்னு சட்டத்துக்கும் தெரியும். ஆனா ஆபத்து எங்க முடியுதோ, உரிமையும் அங்கயே முடிஞ்சுது. மொத வெட்டு வரைக்கும் உங்க அக்கா நிரபராதி. கீழ கெடக்கறவன அடிச்சிருந்தா குத்தவாளி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு நேரந்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பாத்ததச் சொல்லு பாப்பா. கூட்டாத, கொறைக்காத."

அத்தை சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு கடலூர் செசன்சு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளன்று, மஞ்சக்குப்பத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் அப்பா என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அப்பா எனக்குத் தனியாக எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை.

"வக்கீலய்யா சொன்னதெல்லாம் சரி. ஆனா ரெண்டாந்தடவ ஓங்குனாங்க பாரு, அத மட்டும் வுட்டுடு. ஓங்குனாங்கன்னு நீ சொன்னா அடிச்சாங்கன்னுதான் எழுதுவாங்க. அத்தய தூக்குல போட்டுடுவாங்க. புரியுதா?"

தலையாட்டினேன்.

முந்தைய விசாரணைகளுக்கு நான் போகவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவள் பிறர் சொல்வதைக் கேட்கக் கூடாதாம். அன்றுதான் உள்ளே முதன்முதலாக நுழைந்தேன். அத்தை கூண்டில் நின்றார். குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் எல்லோரும் அவரை எதிரி என்றே குறிப்பிட்டார்கள். யாருக்கு எதிரி என்று எனக்கு விளங்கவில்லை.

நீதிபதி முதலில் எனக்கு அறிவு இருக்கிறதா என்று சோதித்தார்.

"பொய் சொன்னா என்ன ஆகும்?"

"அப்பா அடிப்பாரு சார்."

"உண்மை சொன்னா?"

கொஞ்சம் யோசித்தேன். "இன்னிக்கி அதுக்கும் அடிப்பாரு சார்."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்கவில்லை. நீதிபதியும் சிரிக்கவில்லை, அப்பாவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எழுதுகோலை எடுத்துக்கொண்டார்.

எங்கள் வக்கீல் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். சூரிக்கத்தி, கிழிந்த முன்கை, தோள், கல். அவர் கல்லோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். வேறு மாவட்டத்துக்காரர் போலும்.

"உங்க அத்தை முன்னாடியே கத்தியில எண்ணெய் தடவித் தயாரா வெச்சிருந்தாங்க. எதுக்கு?"

"பலா அறுக்கத்தான் சார். எண்ணெ தடவாம உங்க ஊர்ல எப்பிடி அறுப்பாங்க?"

இம்முறை வாயிற்காவலர்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பால் அரசுத் தரப்பு வக்கீலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மேசையை விட்டு என் அருகே வந்துவிட்டார்.

"அவன் கீழ விழுந்தான். அதுக்கப்புறம் உங்க அத்தை கத்தியத் திரும்ப ஓங்குனாங்களா, இல்லையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் விரல்கள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தன. வக்கீலைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்து, மிக இலேசாக, வீட்டில் சோறு போதுமா என்று கேட்டால் போதும் என்று தலையசைப்பாரே, அப்படி அசைத்தார்.

"ஓங்குனாங்க" என்றேன்.

அப்பாவின் துண்டு கீழே விழுந்தது.

"ஓங்கிக்கிட்டே, 'இன்னும் ஒன்னு'ன்னு உங்க அத்தை கத்தினாங்கதானே?"

"இல்ல சார். அத்த கத்தல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அத்த வாயே தொறக்கல சார்."

அவர் போய் அமர்ந்தார். ஓங்கியதை ஒப்புக்கொண்டாயிற்று, அது போதும் என்று நினைத்திருக்கலாம். எங்கள் வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"ஓங்குன கத்தி எங்க எறங்குச்சு?"

"எறங்கல. கீழ போட்டுட்டாங்க. என்னயத் தண்ணி கொண்டாரச் சொன்னாங்க."

"யாருக்குத் தண்ணி?"

"அந்த ஆளுக்குத்தான்."

வக்கீல் வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்னை இறக்கி வெளியே அனுப்பினார்கள். வராந்தாவில் நின்று அழுதேன். அத்தையைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டதாகவே அன்றிரவு முழுவதும் நம்பினேன். அப்பா என்னை அடிக்கவில்லை. பேசவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

பத்து நாள் கழித்து அத்தை விடுதலையானார். எதனால் விடுதலை என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதையும் மீறி நீதிபதி இரக்கம் காட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஓங்கிய கத்தியை அத்தை பயத்தால் கீழே போட்டுவிட்டார் என்றும், அவருக்கு வீரம் அவ்வளவுதான் என்றும் மனத்துக்குள் ஒரு சிறு இளக்காரம்கூட எனக்கு இருந்தது.

அத்தை இறந்து, அவருடைய தகரப் பெட்டி என்னிடம் வந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அதில் தீர்ப்பின் நகல் இருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுதும் அதை வாசித்தேன். இரண்டாம் முறை ஓங்கியதை மறைக்காமல் சொன்ன சிறுமி, அது இறங்கவில்லை என்று சொல்வதையும் நம்பத்தான் வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆபத்து முடிந்ததும் ஆயுதத்தைக் கைவிட்டவர் தம் உரிமையின் எல்லையைத் தாண்டவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தச் சட்டநூலின் பெயரும் பிரிவெண்களும் இப்போது மாறிவிட்டன. அந்த எல்லை மாறவில்லை.

அதற்கு முந்தைய பக்கத்தில் வேறொரு பத்தி இருந்தது. நான் சாட்சி சொல்வதற்கு முன்பே நீதிபதி அத்தையை நேரில் கேட்டிருக்கிறார்: கத்திய பெண்குரல் யாருடையது? அத்தை சொன்ன விடை பதிவாகியிருந்தது. யாரும் கத்தவில்லை, குழந்தை பேச்சு மூச்சின்றி நின்றது. அதன் கீழே நீதிபதியின் குறிப்பு: ஒரு குரல் எழுந்தது என்பதை ஐயுற இடமில்லை, எதிரி இந்த ஒரு செய்தியில் உண்மை பேசவில்லை.

ஐயா, அம்மையீர், முன்பு விட்டுவைத்ததை இப்போது எழுதுகிறேன். கத்தி தலைக்கு மேலே நின்ற அந்தக் கணத்தில், "இன்னும் ஒன்னு போடு அத்த!" என்று கத்தியவள் நான். அதற்குப் பிறகுதான் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பிறகுதான் கத்தியைக் கீழே போட்டார். மன்றத்தில் அத்தை கத்தினாரா என்று கேட்டார்கள். யார் கத்தியது என்று என்னைக் கேட்கவில்லை. நான் கத்தியது அத்தையின் காதில் விழவில்லை என்றே முப்பத்தாறு ஆண்டுகள் நம்பியிருந்தேன். யாரும் கேட்காமலே குழந்தையைப் பற்றி அவர் சொன்ன அந்த விடைதான், விழுந்தது என்று எனக்குக் காட்டியது.

'புள்ளதான் கத்துச்சு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், தம்மீது விழுந்த சந்தேகத்தில் பாதி அங்கேயே நீங்கியிருக்கும். தூக்கு வரை போகக்கூடிய வழக்கில் நின்றுகொண்டு, அதை அவர் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அதன் பிறகும் ஒவ்வொரு வைகாசியிலும் எனக்குச் சுளை எடுத்துக் கொடுத்தார்.

அவர் ஓரிடத்தில் பொய் சொன்னார் என்று தீர்ப்பு கூறுகிறது. அது சரியே. யாருக்காக என்பது அதில் இல்லை. ஆகவே இத்துடன் அனுப்பும் அந்த நகலோடு இந்த எழுத்தையும் சேர்த்து வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.