யோகனின் கண் பிறசர்

போன மாதம் பெரியகல்லாறுப் பாலத்தடியில் என் மச்சான் யோகனின் ஸ்கூல் வான் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது. மீன்பெட்டியோடு விழுந்தவருக்கு முழங்கையில் உரசல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கூடிய சனம் என்ன செய்தது? யோகனின் வாயை மோந்து பார்த்தது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிதன்.

"அத்தான், அந்த ஆள் பக்கத்தால வந்தத நான் காணவே இல்ல" என்றான், அன்று பின்னேரம் எங்கள் வீட்டில்.

என் மனைவி — அவனுடைய அக்கா — திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர்களின் அப்பா கடைசிக் காலத்தில் கண் தெரியாமல்தான் கிடந்தார்.

அந்தப் பயத்தில்தான் யோகன் வருடம் தவறாமல் கண் பிறசர், அதாவது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், பார்ப்பான். எங்கே போனாலும் ஒரே பதில்... 'நோர்மல்'. எனக்கோ எப்போதும் பிறசர் கூடுதல். தினமும் சொட்டுமருந்து. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

மட்டக்களப்பில் ஒரு கண் டொக்டரிடம் மூவரும் போனோம். அவர் கண்ணின் பின்புற நரம்பைப் பார்த்தார். பக்கப் பார்வையைச் சோதித்தார். பிறகு கண்ணின் முன்னால் இருக்கும் படலத்தின், அதுதான் கோர்னியாவின், தடிப்பை அளந்தார். யோகனுக்கு மெலிது. எனக்குத் தடிப்பு.

அதனால் என்ன?

பிறசர் பார்க்கும் கருவி அந்தப் படலத்தைத்தான் அழுத்திப் பார்க்கிறதாம். மெலிதானது சுலபமாக அமுங்கும். கணக்குக் குறைவாகக் காட்டும். தடித்தது முரண்டு பிடிக்கும், கூட்டிக் காட்டும். கருவிக்குத் தெரிந்தது ஒரேயொரு சராசரித் தடிப்பு — அதுவும் பெரும்பாலும் வெள்ளைக்காரர் கண்களை வைத்து எடுத்தது. வேறு பல இனத்தவருக்குச் சராசரியே வேறு. அதற்காக இனத்தைக் கேட்டு முடிவு கட்டவும் முடியாது, ஆளுக்கு ஆள் அளந்துதான் பார்க்கவேண்டும் என்றார் டொக்டர்.

யோகனுக்குக் குளுக்கோமா, பிறசர் கண் நரம்பை அரிக்கும் நோய். பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. எனக்கா? நரம்பு பழுதில்லை, மருந்தை நிறுத்திப் பார்ப்போமாம்!

"அப்ப இவ்வளவு காலமும் அவங்க ஆர்ர கண்ண அளந்தவங்க?" என்று கேட்டான் யோகன்.

கவலையீனமாக இருந்து கெட்டவன் என்றால் மனம் ஆறும். இவன் வருடம் தவறாமல் போய்க் கேட்டவன். அவனுக்குத்தான் இந்தத் தண்டனை!

வானை விற்றுவிட்டான். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறான்.

டொக்டரிடம் போன அன்றைக்கே என் மனைவியையும் சோதித்தார்கள். அவளுக்கும் படலம் மெலிது, நோயும் தொடங்கியிருக்கிறது. ஆனால் வேளைக்குப் பிடித்துவிட்டார்கள். மருந்து விட்டால் பார்வை தங்கும். தம்பியின் கண் போய்த் தன் கண் தப்பியது என்று அவளுக்கு வெட்கம். அவன் வாசலுக்கு வந்தால் மருந்துப் போத்தலை ஓடிப்போய் அலுமாரிக்குள் ஒளிக்கிறாள்.

அவ்வளவு தூரம் ஓடத் தேவையில்லை, கொஞ்சம் பக்கத்தில் தள்ளி வைத்தாலே போதும் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?