தள்ளிப்போடும் மாத்திரை

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் ராஜபாளையத்து மருந்துக் கடைகளில் ஒரு மாத்திரை கிடைக்காது. அதை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. "தள்ளிப்போடுறது ரெண்டு அட்டை" என்பார்கள். கடைக்காரரும் நிமிர்ந்து பார்க்காமல் காகிதத்தில் சுற்றித் தருவார். தேர் நாளில் மாதவிலக்கு வந்துவிடக் கூடாது என்று பெண்கள் விழுங்குகிற மாத்திரை அது. என் மதினி பதினோரு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடம் பிடிப்பவர்களுக்குப் பானகம் கொடுப்போம். கரைப்பதும் முதல் தம்ளரை ஊற்றுவதும் வீட்டுப் பெண் ஒருத்தியாக இருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும். அம்மா போன பிறகு அது மதினியின் வேலை. அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான், லீவு கிடைத்தால் வருவான். எலுமிச்சம்பழம் பிழிவதும் குடத்தை ஆட்டோவில் ஏற்றுவதும் என் பொறுப்பு. நான் திருநங்கை என்று வீட்டில் சொல்லி ஐந்து வருடம் ஆகியும் இந்த ஏற்பாடு மாறவில்லை. குடம் நல்ல கனம்.

அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மூன்று வருடமாக ஒழுங்காகப் போட்டு வந்தேன். வத்திராயிருப்பில் எனக்கு ஒரு அக்கா உண்டு. அவளும் திருநங்கைதான், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். "புரோஜெஸ்டிரோன் சேர்த்தாத்தாம்ட்டி மாரு நெறையும். அது இல்லாம நீ பாதிக் கிணறுதான்" என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒரு மாத்திரை குறைகிற பெண்ணாகத்தான் தெரிந்தேன்.

மதுரையில் எனக்கு மருந்து எழுதுகிற டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பொறுமையானவர். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மார்பு நிறையுதுன்னு சிலர் சொல்றாங்க, தூக்கம் வருதுன்னு சிலர் சொல்றாங்க. மனசு சோர்ந்து போயிடுதுன்னும் சிலர் சொல்றாங்க. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தா, அதைப் பாதுகாக்க இதையும் கொடுப்போம். உங்களுக்கு அந்த வேலை இல்லை. போட்டே ஆகணும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை, போடவே கூடாதுன்னு சொல்லவும் இல்லை. ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு வாங்க, யோசிப்போம்."

மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனது இதைக் கேட்பதற்கு.

வீட்டில் துணி தேய்ப்பது நான்தான். பீரோவில் மதினியின் பட்டுச்சேலை மடிப்புக்குள் இரண்டு அட்டைகள் இருந்தன. பின்னால் இருந்ததைப் படித்தேன். போனில் தேடினேன். புரோஜெஸ்டிரோன் வகை என்று வந்தது. வகை என்ற சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. தினம் ஒன்றாக ஆறு நாள் எடுத்து விழுங்கினேன். மதினி தொடங்குவதற்குள் வாங்கி வைத்துவிடலாம் என்பது திட்டம். கடைக்குப் போனபோது, "தீந்துபோச்சு, பூரம் முடியட்டும்" என்றார் கடைக்காரர். அந்த மாத்திரை எனக்கு எதற்கு என்று அவருக்குக் குழப்பம். அதையும் அவர் நிமிர்ந்து பார்க்காமலே வைத்துக்கொண்டார்.

மார்பு அப்படியே இருந்தது. முகவாயில் மூன்று பரு வந்தது. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில், ஒரு நூல் அறுந்திருந்ததற்காக அரை மணி நேரம் அழுதேன். சூப்பர்வைசர் வேறு துணி மாற்றிக் கொடுத்தார்.

தேரன்று விடிகாலையில் மதினி புழக்கடையிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வந்துருச்சு" என்றாள். "முந்தாநேத்தோட மாத்திரை தீந்துபோச்சு."

அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. வெல்லம் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரி எப்படி நம்ம வீட்டுப் பொம்பளையாவா? குளிச்சிட்டு வந்து நீ கரை. ஏலக்காய அள்ளிப் போட்டுறாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கரைத்தேன். போனேன். ரத வீதியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் முதல் தம்ளரை ஊற்றும்போது பாதி தரையில் போயிற்று. தளவாய்புரத்துச் சித்தி வரிசையில் நின்றாள். எனக்குப் பெண் பார்த்து, நான் திருநங்கை என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வராமல் இருந்தவள். என்னைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், தம்ளரை நீட்டினாள். குடித்துவிட்டு, "இனிப்புக் கம்மி" என்று நகர்ந்தாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் பானகத்தைக் குறை சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. மதினியின் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரையை எடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். ஆறு" என்றாள் மதினி. "நாலு கடை ஏறி இறங்குனேன். எங்கயும் இல்ல."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே மதினி?"

"கேட்டா நீ இல்லம்ப. பொறவு எனக்குக் கோவம் வரும்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நான் இந்தக் கழுதைய நிப்பாட்ட முழுங்குதேன். நீ எதுக்கு முழுங்குன?"

சொன்னேன். பாதிக் கிணறு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. நாலாவது நாள், அடுத்த தடவை மதுரைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் போட்டது புரோஜெஸ்டிரோனே இல்லையாம், அதைப்போலச் செயற்கையாகச் செய்ததாம். லேசாக ஆண் ஹார்மோன் குணம்கூட அதற்கு உண்டாம். முழுப் பெண்ணாக ஆவதற்குத் திருடித் தின்றது அதைத்தான். பருவைத் தடவிக்கொண்டேன்.

என் ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது. "எல்லாம் தெரிஞ்சும் வேணும்னா மூணு மாசம் போட்டுப் பார்க்கலாம். மார்பு நிறையலாம், நிறையாமலும் போகலாம். மனசு சோர்ந்து போனா நிறுத்திடணும். அது போடுறவங்களுக்கு முதல்ல தெரியாது, கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். வீட்டுல பார்த்துக்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள் மதினி. "ஆறு நாளைக்கே வீட்டுல தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தா. எனக்குத் தெரிஞ்சிரும்."

போட்டுப் பார்க்கிறேன் என்றேன். டாக்டரம்மா சரியான மாத்திரையை எழுதினார்.

திரும்பி வரும்போது மதினி ஜன்னலோரம் உட்கார்ந்து பாதித் தூரம் தூங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது விழித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் நான் அந்தக் கருமத்த முழுங்கல. வந்தா வரட்டும்னு வீட்டுல படுத்துக் கெடப்பேன். பானகத்த நீயே பாத்துக்க" என்றாள்.

நான் வன்னியம்பட்டி விலக்கிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் அழுதேன். மாத்திரை மேல் பழி போட வழியில்லை. மதுரையில் வாங்கிய அட்டையை இன்னும் பிரிக்கவில்லை.