கோப்பிபாடுகள் முட்டை போட்ட வாரம்

பாசி வளர்க்கும் ரேக்கின் ட்யூப்லைட் சோக் கருகியபோது, நான் டெல்லி ஆய்வகத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி, ஜனவரிக் குளிர்.

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துத் தண்ணீரை மெட்ராஸ் ரயிலில் கேன் கேனாக வரவழைத்து எட்டு ஜாடிகளில் வைத்திருந்தோம். அதில் கோப்பிபாட் என்ற, கடுகைவிடச் சிறிய பிராணிகள் நீந்தும். மீன்குஞ்சுகளுக்கு அவைதான் சாப்பாடு. அவற்றுக்குச் சாப்பாடு பச்சைப் பாசி. நான்கு ஜாடிக்கு நிறையத் தீனி, நான்கு ஜாடிக்கு அரைவயிறு. எது எத்தனை முட்டை போடுகிறது என்று பார்ப்பது விஸ்வநாதன் சாரின் ஆராய்ச்சி. பாசி வளர்ப்பது என் வேலை.

புது சோக் வர மூன்று வாரம் ஆகும் என்றது ஸ்டோர். வெளிச்சமில்லாமல் பாசி வெளிறியது. அந்த வெளிறிய பாசித் தண்ணீரையே ஜாடிகளில் ஊற்றிவிட்டு, ரிஜிஸ்டரில் தினமும் ‘அனைத்தும் நலம்’ என்று எழுதினேன். ஒன்றுகூடச் சாகவில்லையே.

ஒரு வாரம் கழித்து சார் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

“எல்லாம் உயிரோட இருக்கு, சரி. முட்டை எங்கம்மா?”

பார்த்தேன். பெண் கோப்பிபாடின் வால் பக்கம் முட்டைப் பை திராட்சைக் கொத்துபோலத் தொங்கவேண்டும். எட்டு ஜாடியிலும் ஒன்றுகூட இல்லை. பத்து நாளில் கமிட்டி வருகிறது. காட்ட ஒன்றுமில்லை என்றால் ப்ராஜெக்ட் மூடப்படும், என் தற்காலிக வேலையும் போகும்.

ஆபீஸ் மொட்டைமாடியில் வெயில் உண்டு, குரங்குகளும் உண்டு. அதனால் ஆறு பாசி ஃப்ளாஸ்குகளை பஸ்ஸில் நான் குடியிருந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிப்போய் பால்கனியில் வைத்தேன். பகலில் குலுக்கிவிடும்படி பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். எதற்கு என்றார். குஞ்சு பொரிப்பதற்கு என்று என் அரைகுறை இந்தியில் சொன்னது, குழந்தை பிறப்பதற்கு என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் முதல் நெய் சொட்டும் பஞ்சீரி என்ற கோதுமை மாவு இனிப்பு வந்தது, பிள்ளைத்தாய்ச்சியான எனக்காம். ருசியாக இருந்ததால் நான் திருத்தவில்லை.

நாலு நாளில் பாசி கரும்பச்சை ஆனது. அளந்து ஊற்றினேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் முதல் சொட்டிலேயே ஒரு பை. பக்கத்தில் இன்னொன்று. சிரிப்பில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். சார் பார்த்தார். வெங்காயம்கூடத் தொடாத அந்த மனிதர், எல்லோருக்கும் புரியட்டும் என்று முட்டையை இந்தியில் “அண்டா, அண்டா” என்றபடி வராந்தா முழுக்க ஓடினார். கான்டீன்காரர் அதை ஆர்டர் என்று நினைத்து ஒரு தட்டு நிறைய ஆம்லெட் அனுப்பினார். நாங்கள் தின்றோம், சார் டீ குடித்தார்.

நிறையத் தின்ற ஜாடிக்கும் அரைவயிற்று ஜாடிக்கும் இருந்த வித்தியாசம் கமிட்டிக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது. ப்ராஜெக்ட் நீண்டது, நானும் நீடித்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. நீந்துகிறதே என்று நம்பிவிடாதீர்கள். தீனி குறைந்தால் அது முதலில் நிறுத்துவது முட்டையை. சாவதெல்லாம் ரொம்பப் பிறகு.