காலையில் மட்டும் நழுவிய கியர்

அக்கா சைக்கிளிலிருந்து விழுந்த இடம் எங்கள் வாசலில் நின்றால் தெரியும். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாக ஏறும் மேடு அது. டிசம்பர் மாதம், விடிந்தும் விடியாத நேரம். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்று காலையே வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்: அக்காவுக்குக் காலில் தெம்பு போய்விட்டது.

அக்காவுக்கு அறுபது நெருங்குகிறது. காரக்கோணத்தில் மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் செய்கிறாள். முதல் பஸ் வருவதற்கு முன்பே அங்கே அடுப்பு எரிய வேண்டும் என்பதால் சைக்கிள்தான் வழி. முழங்கால் வலி தொடங்கியபோது, ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் அவளுடைய மகள் மூன்று கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்து தந்தாள். இதில் கியர் வெளியே தெரியாது. பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் அலுமினியக் கூட்டுக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். முதல் கியருக்கு மாற்றினால் மேடு இளகிவிடும். அதன்பிறகு அக்கா அந்த மேட்டில் இறங்கித் தள்ளியதே இல்லை.

குளிர் தொடங்கியதும், முதல் கியரில் பெடல் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அத்தான், அதாவது அக்காவின் கணவர், சைக்கிளைப் பாறசாலையில் கடைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் உச்சி வெயிலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கியர் ஒழுங்காகப் பிடித்தது.

"சைக்கிளுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. பெடல்ல காலு நிக்காத்ததாக்கும். சேச்சிய கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

அக்கா விழுந்த அன்று அத்தான் அதையே திருப்பிச் சொன்னார். "வயசு ஆவுது இல்லியா? மவ பணம் அனுப்புகா. பின்ன எதுக்கு ஊரான் பிள்ளியளுக்குப் புட்டு அவிச்சிட்டுக் கெடக்கணும்?"

"ஒங்களுக்கு உறக்கம் வந்தா உறங்குங்க. எனக்குப் போணும்" என்றாள் அக்கா.

குரலில் பழைய வேகம் இருந்தது. ஆனால் அத்தான் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"எலே, உள்ளதச் சொல்லு. நான் தளந்து போனேனா?"

ஒரு பத்திரிகையில் பிழைதிருத்தியே காலம் கழித்தவன் நான். உறுதியாகத் தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை. பஞ்சை எடுத்து அவள் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்தேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் நின்றுகொள்வதாக வார்டனிடம் சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லும்போது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அக்கா விடுதிக்கு லீவு சொல்லியிருந்தாள். காலையில் அடுத்த வீட்டிலிருந்து நான் போனபோது அத்தான் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு துளியும் விழவில்லை. வைதுகொண்டே கொண்டுபோய் மதில்மேல் வெயிலில் வைத்தார். நான் காப்பி குடித்து முடித்து எழுந்தபோது குப்பியில் எண்ணெய் தெளிந்து ஆடியது.

காலையில் உறையும், வெயில் ஏறினால் இளகும். சைக்கிளும் அப்படித்தானே?

"அக்கா, சக்கரத்துக்கு என்ன எண்ணெ விட்ட?"

"நம்ம கொப்பரை ஆட்டுன எண்ணதான். மழைக்காலத்துல துருப்பிடிக்கப்பிடாதுல்லா? நடுவுல ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதுல நெறைய விட்டேன். கடையெண்ணயெல்லாம் கலப்படமாக்கும் மக்கா."

சமையல்காரியின் நியாயம். எந்த எண்ணெயை நம்பிப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாளோ, அதையே சைக்கிளுக்கும் கொடுத்திருந்தாள்.

அடுத்த நாள் வெயில் ஏறுமுன்பே சைக்கிளைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போய், ஹப்பில் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பதைச் சொன்னேன். மெக்கானிக் சிரித்தார்.

"வெளிச்செண்ணயா? ஹப்புலயா? கொஞ்சம் கடுகும் கறிவேப்பிலையும் போட்டிருக்கலாமே சாரே!"

ஆனால் ஹப்பைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. உள்ளே எண்ணெய் நாள்பட்டு, மஞ்சள் பசையாக ஒட்டியிருந்தது. பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்க வேண்டிய சிறிய எஃகுக் கொக்கிகள் படுத்தபடி கிடந்தன. அவற்றை நிமிர்த்தும் ஸ்பிரிங் மயிரிழை அளவுதான். உறைந்த எண்ணெயைத் தள்ள அதற்கு வலு ஏது? எஃகில் துரு இல்லை. அக்கா நினைத்தது அந்த அளவுக்குப் பலித்திருந்தது. ஆனால் அச்சின்மேல் இருந்த புஷ் என்னும் வெண்கல வளையம் பச்சை பூத்திருந்தது.

"எங்க வீட்டு நெலவிளக்குல கிளாவு பிடிக்கியது இப்பிடியாக்கும்" என்றார். விளக்கில் எண்ணெய் நாள்பட்டுக் கிடந்தால் புளித்து, செம்பு கலந்த உலோகத்தைத் தின்னத் தொடங்கும். அதே களிம்புதான் இது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். பிறகு லாரி கியர் ஆயில் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்ததும் கந்தக வாடை வந்தது. போனில் தேடிப் பார்த்தேன். சில கியர் ஆயில்களில் சேர்க்கும் கந்தகம் எஃகைக் காக்கும். ஆனால் பித்தளையையும் வெண்கலத்தையும் கறுக்கவைக்கக்கூடும். சைக்கிள் ஹப் அவ்வளவு சூடாகாது. இருந்தாலும் வேண்டாம் என்றேன். அப்படியானால் கிரீஸை நிறைத்துவிடலாம் என்றார். அதுவும் கொக்கிகளை ஒட்டவைக்கும். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டோம்: பால்ரஸ் குண்டுகளுக்குக் கிரீஸ், கொக்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு.

"நான் உச்சிக்குத்தானே ஓட்டிப் பாத்தேன்" என்றார் சைக்கிளைத் தரும்போது. "சேச்சிகிட்ட ஒண்ணும் நெனைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இன்னும் குளிர்ந்தது. ஒரு காலை, குப்பியில் எண்ணெய் கல்லாக இருப்பதைப் பார்த்துவிட்டு அக்கா சைக்கிளை எடுத்தாள். அத்தான் வாயில் பிரஷ்ஷுடன் கேட் அருகே நின்றார். பல் தேய்க்கும் கை அசையவில்லை. பாலத்தில் அக்கா கியர் மாற்றினாள். மேட்டின் பாதியில் சற்றுத் திணறினாள். முழங்கால் வலி பொய்யில்லையே. ஆனால் பெடல் நழுவவில்லை. ரப்பர் மரங்களுக்கு அப்பால் மறையும்வரை அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அத்தான் வேலியோரம் துப்பிவிட்டு, "கொள்ளாம், மோசமில்ல" என்றார்.

மதியம் அவள் வந்ததும் மெதுவாகக் கேட்டார். "வார்டன்ட்ட அந்தக் காரியம் சொன்னியா?"

"எந்தக் காரியம்?"

அக்கா வழியில் வாங்கிய மெஷின் எண்ணெய்க் குப்பியைப் பையிலிருந்து எடுத்து, அத்தானின் தலையெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத ஆரும் தலையில தேச்சிராதுங்க. சைக்கிளுக்குள்ளதாக்கும்."