ஓடுகிறவர்களுக்கு நாடி பார்க்கிற வேலை

நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறவனுக்கு ஓடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாடி எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். கல்முனைக்குடியில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியராகவும், கடற்கரைக் கழகத்தின் கோச்சாகவும் நான் இதைத்தான் செய்துவருகிறேன். யாரையாவது விடியற்காலையில் எழுப்பி ஓடவைக்கப் பாடுபட்டவர்கள் இதை வாசிக்கிறீர்களென்றால், என் வயிற்றெரிச்சலை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாற்பத்திநாலு

றிஸ்மிக்கு இருபத்துநாலு வயது. தோணிக்குப் போகாத நாட்களில் கடற்கரை நீளத்துக்கும் ஓடுவான். ஒருநாள் காலில் ஆணி குத்தி, ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனான். நாடி பார்த்த நேர்ஸ் நாற்பத்திநாலு என்று எண்ணினா. திரும்பவும் எண்ணினா. மூன்றாம் தரம் எண்ணவில்லை, ஆளைக் கட்டிலில் கிடத்திவிட்டா. அதோடு ஆணி குத்திய காலை எல்லோரும் மறந்துபோனார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு நிறைய ஈசிஜி வயர்களோடு றிஸ்மி சிரித்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் அவனுடைய உம்மா சாகக்கிடக்கிறவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓதிக்கொண்டிருந்தா. ஈசிஜி கடுதாசியைப் பார்த்த டொக்டர், "ஓடுற ஆளா? ஒண்டுமில்ல, காலுக்கு ஊசியப் போட்டு அனுப்புங்க" என்றார். உம்மாவுக்கு நான் விளக்கப்படுத்தினேன்: பழகின இதயம் ஒரே அடியில் கூடுதலான இரத்தத்தை இறைக்கும், பெரிய வாளி வைத்திருக்கிறவன் கிணற்றுக்கு அடிக்கடி குனியத் தேவையில்லை. அவ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"ஊராண்ட புள்ளையளுக்கெல்லாம் எழுவது அடிக்கக்குள்ள, எண்ட மகனுக்கு மட்டும் நாப்பத்திநாலத் தந்துபோட்டு, மிச்சத்த எங்க சேர் வெச்சிரிக்கீங்க?"

கட்டார் கடிகாரம்

புடவைக்கடை ஹாஜியார் வயிற்றைக் குறைக்க வந்தார். வியர்த்தால் கொழுப்பு கரையும் என்று யாரோ சொன்னதை நம்பி, காலை பத்து மணி வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மணலில் இறங்கினார். கையில் மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய, துடிப்பை எண்ணுகிற கடிகாரம். இருநூறு மீற்றர் போவதற்குள் அது கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. நூற்று எழுபத்தைந்து!

அவரைத் தோணி நிழலில் இருத்தி, கோட்டைக் கழற்றி, இளநியைக் கையில் கொடுத்தேன். வியர்க்க வியர்க்க இரத்தத்தில் தண்ணீர் குறையும், இருக்கிற கொஞ்சத்தை வைத்து உடம்பையும் ஆற்றிக் காலையும் ஓட்ட வேண்டுமென்றால் இதயம் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும் என்று சொன்னேன். ஹாஜியார் இளநியை முழுக்கக் குடித்து முடித்தார்.

"கட்டார் வெயிலுக்கெண்டு செஞ்ச சாமானாக்கும் சேர், நம்மட வெயிலக் கண்டு பயந்து கத்துது."

நோன்பு ஓட்டம்

நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கிற மஃரிபுக்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் பயிற்சி. ஓடி முடித்த கையோடு தண்ணீர் குடிக்கலாம் என்பதே காரணம். மெதுவாக ஓடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஆனால் பள்ளிவாசல் பக்கமிருந்து கஞ்சி வாசம் காற்றில் வந்ததும் எல்லோருக்கும் கால் முளைத்துவிடும். அந்த வருடத்தில் றிஸ்மியின் ஆகச் சிறந்த கடைசிக் கிலோமீற்றர் அப்படித்தான் வந்தது.

"மாகாணப் போட்டியண்டைக்கும் முடியிற கோட்டுக்கு அங்கால ஒரு கோப்பை கஞ்சிய வைங்க சேர், மத்ததெல்லாம் நான் பாத்துக்கொள்றன்."

சோம்பேறி

நஸ்ரின் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, மூவாயிரம் மீற்றர்க்காரி. இரண்டு மாதமாக அவளுடைய நேரம் கூடிக்கொண்டே போனது. பெண்பிள்ளைகள் நாடியைத் தாங்களே எண்ணிச் சொல்வது வழக்கம். மெல்லிய ஓட்டத்துக்கே அவள் நூற்றுத் தொண்ணூறு என்றாள். தப்பாக எண்ணுகிறாள், பொய் சொல்கிறாள் என்று நானாக முடிவுகட்டினேன். "சோம்பேறி" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசி, கூடுதலாக நாலு ரவுண்டு ஓடவைத்தேன். மூன்றாவதில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நாலாவதையும் ஓடி முடித்தாள்.

அடுத்த நாள் அவளுடைய வாப்பா மைதானத்துக்கு வந்தார். மருதமுனையில் கைத்தறியில் சாரன் நெய்கிறவர், அதிர்ந்து கதைக்காத மனிதர். "சேர், புள்ள சோத்துக்கு முன்னால இரிந்தபடியே நித்திரையாப் போகுது" என்றார். உடனே இரத்தம் சோதிக்கச் சொன்னேன். இரும்புச்சத்து அடிமட்டத்தில் கிடந்தது. இரும்பில்லாமல் ஒட்சிசனைப் பாதியாகவே ஏற்றுகிற இரத்த லொறிகளை வைத்துக்கொண்டு அவளுடைய இதயம் இரட்டை ஓட்டம் ஓடியிருக்கிறது, நான் அதையும் ஏசியிருக்கிறேன்.

எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். டொக்டர் தந்த குளிசை, ஈரல், கீரை, சாப்பிட்ட கையோடு இரும்பைத் தடுக்கிற தேத்தண்ணி இல்லை என்று நாலு மாதம் போனது. வலயப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். சந்தோசத்தில் "என்ன வேணும் மகள், கேளு" என்றேன். "அண்டைக்கு நான் ஓடின நாலு ரவுண்ட நீங்க ஓடுங்க சேர்" என்றாள். ஓடினேன். இரண்டாவது ரவுண்டிலேயே புல்லில் விழுந்தேன். நாடியை எண்ணிச் சொல்லச் சொன்னாள். நூற்று எழுபத்தெட்டு என்றேன்.

"இது இரத்தம் குறைஞ்சதால வந்ததில்ல சேர், தனிச் சோம்பேறித்தனம்."

இத்தனை நாடிகளை எண்ணியதில் எனக்குத் தெளிவானது, இதயத்துக்குச் சுமை கூட்டுகிற காரணங்களின் பட்டியலில் கோச்சின் பெயரையும் ஓர் ஓரத்தில் எழுதிவைப்பது நல்லது என்பதுதான்.