நாற்பத்திரண்டாவது இருக்கை

அந்த மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது தன்னுடைய கைதான் என்பது தச்சருக்கு இன்றுவரை செரிக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. கண்காட்சிப் பொறுப்பிலிருந்த மேடம் சொன்னார், இவர் தூக்கினார். "அக்கா உக்கார்றது மேடம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரும்புக் காலை மடக்கி, அக்குளில் இடுக்கி, கிடங்கில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் சாத்திவிட்டு, போய் டீ குடித்தார். அந்த டீயை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அருங்காட்சியகத்தில் தச்சருக்கு வேலை, ஒவ்வொரு கண்காட்சிக்கும் பிளைவுட்டில் தடுப்புச் சுவர் எழுப்புவது, பொருள் வைக்க மேடை அடிப்பது, முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டி கட்டி அனுப்புவது. அந்த வருஷம் வந்தது நாற்காலிக் கண்காட்சி. இக்காலக் கைவினை, வடிவமைப்பு என்று வாசலில் ஆளுயர எழுத்து. உள்ளே நாற்பத்தோரு நாற்காலி. பென்சிலை ஆயிரக்கணக்கில் ஒட்டி ஒன்று. பிளாஸ்டிக்கை உருக்கிச் சாணி மாதிரி குவித்து ஒன்று. மூன்று காலும் ஒரே பக்கத்தில் இருந்த இன்னொன்றை மேலேயிருந்து கம்பி கட்டிப் பிடிக்காவிட்டால் அது குப்புற விழும். 'உட்காருதல் என்ற செயலை இது மறுபரிசீலனை செய்கிறது' என்று அதன் பக்கத்து அட்டையில் இருந்தது. உட்காருவதில் மறுபரிசீலனை செய்ய என்ன கண்றாவி இருக்கிறது? படித்த அன்றே தச்சருக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. தரையோ கண்ணாடி மாதிரி. துப்பவும் வழியில்லை.

அந்த நாற்பத்தோரு நாற்காலிக்கும் காவல் தூணக்கா. பத்தொன்பது வருஷமாக அந்த மாடியில் நின்றதால் வந்த பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "தூணைப் பிடுங்கிப் பாருங்கடா, கூரை உங்க மண்டையிலதான் விழும்" என்பார். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. அக்கா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அக்காவுடைய மடக்கு நாற்காலியைப் பிடுங்கியபோது மேடம் ஒரு காரணமும் சொன்னார்.

"நீங்க இங்க நாற்காலி போட்டு உக்காந்தா, வர்றவங்க அதையும் காட்சிக்கு வச்சதுன்னு நெனச்சுக்குவாங்க."

"அப்போ என்னை என்னன்னு நெனச்சுக்குவாங்க மேடம்?"

மேடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு அது நகைச்சுவை.

அக்காவின் கால் நரம்பு புடைத்து, கயிறு கயிறாக முறுக்கிக் கிடந்தது. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காதே என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதை எழுதி வாங்கி மேலே கொடுக்கலாம்தான். கீழ்த்தளத்தில் நின்ற ஒருவர் அப்படிக் கொடுத்தார். 'நிற்கத் தகுதியில்லை' என்று அடுத்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அக்கா வாயைத் திறக்கவில்லை. எட்டு மணி நேரம், ஒரு கால் மாற்றி ஒரு கால்.

தச்சருக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை பார்வையாளர் கிடையாது. துடைத்துப் பெருக்குகிறவர்களை மேற்பார்க்க அக்கா மட்டும் வந்திருந்தார்.

"அக்கா, இப்படி இந்தச் சுவரு ஓரமா வந்து நில்லுங்க."

"எதுக்கு? என்னையும் பெட்டி கட்டி அனுப்பப் போறியா?"

"அளவு எடுக்கணும்."

"சவப்பெட்டிக்கா?"

"வாயைக் கழுவுங்க அக்கா" என்று அதட்டிவிட்டு, இடுப்புக்குக் கீழே சுவரில் பென்சிலால் கோடு போட்டார். கதவோரத்துத் தடுப்புச் சுவர் முடிகிற இடத்தில், இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு பலகை. முன்பக்கம் கொஞ்சம் சரிவு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்பதுபோலத்தான் இருக்கும். பாரம் முழுக்கப் பலகையில் இருக்கும். தாங்கும் இரும்பைச் சுவருக்குள்ளேயே ஒளித்தார். அதோடு விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை. பட்டி பூசினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், விளிம்பை உருட்டினார், வெள்ளை அடித்தார், காயவைத்து மறுபடி அடித்தார், மூன்றாவது முறையும் அடித்தார். இருபத்தைந்து வருஷப் பழக்கம். கை கேட்கவில்லை.

அக்கா சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். "அடப்பாவி" என்றார். பத்து நாள் அவர் முகமே வேறாக இருந்தது.

பதினோராவது நாள் படம் எடுக்க வந்தார்கள். கண்காட்சியை அமைத்துக் கொடுத்த வடிவமைப்பாளனும் கூட வந்தான். அவன் எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவான். தச்சர் அவனை அப்படியேதான் சொல்வார். கறுப்புச் சட்டை கதவோரம் வந்தவன், பலகையைப் பார்த்துவிட்டான். குனிந்து விளிம்பைத் தடவினான்.

"என்ன ஒரு அடக்கம்! இது எத்தனாவது நம்பர்?"

பொருளுக்கெல்லாம் எண் போடும் நம்பர்காரர் பட்டியலைப் புரட்டினார். "லிஸ்ட்ல இல்லையே சார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "இது யாரோடது?"

தச்சர் வாயெடுத்தார். சுவரோரம் நின்ற அக்கா, வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தார். அக்கா உட்காரச் செய்தது என்று சொன்னால் அன்றே பெயர்த்துவிடுவார்கள், அக்காவையும் சேர்த்து. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற அந்த இடைவெளியில் கறுப்புச் சட்டை சொன்னான்: "அறையோட பேசுற மாதிரி ஒண்ணு இருக்கட்டும்னு நான்தான் யோசிச்சேன். சேத்துக்குங்க."

கூசாமல் சொன்னான். அவனுக்கு ஒரு அறை விடலாம் என்று தச்சருக்குக் கை துடித்தது. ஆனால் பார்க்கப் போனால் முதல் குற்றவாளி அந்தக் கைதான். நாலு ஆணியைக் கோணலாக அடித்து விட்டிருந்தால் ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது. மூன்று பூச்சு வெள்ளை அல்லவா அடித்தது!

மறுநாள் அட்டை வந்தது. 'நிற்றலுக்கும் இருத்தலுக்கும் நடுவே. எண் 42. தொடாதீர்கள்.' முன்னால் கயிறும் கட்டினார்கள்.

"நேத்து வரைக்கும் நாப்பத்தொண்ணு" என்றார் அக்கா. "இன்னைக்கு இதுக்கும் நான்தான் காவல். ஒரு பையன் தொட வந்தான் தம்பி. 'தொடாதே'ன்னு நானே வெரட்டினேன். எப்படி இருக்கு கத?"

மறுபடி எட்டு மணி நேர நிலை. அடுத்த மாதம் அந்த அறையில் ஒரு நாற்றம் கிளம்பியது. பதினேழாம் எண், கம்பளி முறுக்கிச் செய்த நாற்காலி. அதுதான் அழுகுகிறது என்று முடிவு கட்டினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட மூன்று பேர் முட்டி போட்டு அதை முகர்ந்தார்கள். ஐந்தடி தள்ளி அக்கா நின்றுகொண்டிருந்தார். துணிக்கட்டுக்குள் புண் சீழ் பிடித்திருந்தது. நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியும்.

கம்பளி நாற்காலிக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். குளிர் அறையில் வைக்க வேண்டுமாம். பெட்டி கட்டத் தச்சரைத்தான் கூப்பிட்டார்கள். அடியில் ஒரு மெத்தை, நாலு பக்கமும் பஞ்சு, மேலே மெல்லிய தாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி மூன்று பேர் தூக்கினார்கள்.

"பாரு தம்பி" என்றார் அக்கா தணிந்த குரலில். "நாற்காலிக்குக் கால் வலிக்குதாம்."

நாற்காலி போனது. நாற்றம் போகவில்லை. மூன்றாம் நாள் மேடம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மோப்பம் பிடித்தபடியே வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார்.

"உங்ககிட்டேர்ந்தா வருது? சொல்றதுக்கென்ன? எவ்வளவு பேர் வந்து போற எடம்!"

அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் மயங்கி விழுந்தவரைத் தச்சர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அம்மாவைத் தங்கை வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பூங்கொத்து வந்தது. அதன் அட்டையில் அக்காவின் பெயர் தப்பாக இருந்தது. தச்சர் அதைக் குப்பைக் கூடையில் தலைகீழாகச் செருகினார்.

நாலாம் நாள் சாயங்காலம் தச்சர் பார்க்கப் போனபோது அக்காவுக்கு நல்ல நினைவு இருந்தது. அன்று ராத்திரி காய்ச்சல் ஏறி, பிறகு கண் திறக்கவே இல்லை. ஆகவே அவர் கேட்ட கடைசி விஷயம் அன்று கேட்டதுதான்.

"என் எடத்துல யாரு நிக்கிறா?"

"புதுசா ஒரு பொண்ணு அக்கா. முழுகாம இருக்கு போல. சொல்ல பயப்படுது."

அக்கா கையை நீட்டி, தச்சரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அதுக்கும் ஒண்ணு செஞ்சு குடு. ஆனா நான் சொல்ற மாதிரி செய்யணும். பட்டி பூசாதே. தேய்க்காதே. ஆணித் தலை வெளிய தெரியட்டும். ஒரு பக்கம் ஒசரம், ஒரு பக்கம் தாழ்வு. பாக்குறவனுக்கு வாந்தி வரணும், கிட்ட வரக்கூடாது. உன்னால முடியாதுன்னு தெரியும். ஆனாலும் எனக்காக, ஒரே ஒரு தடவை, அசிங்கமா செய் தம்பி."